மறைந்திருக்கும் நீலம்

கொழும்பு மாநகரின் வடகோடியிலே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்திருப்பது மட்டக்குளி. சிவனொளிபாத மலைத் தொடரிலே தோன்றி, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்த ஆறு இங்கேதான் தன் பயணத்தை முடித்துக்கொள்கிறது. மலைநாட்டிலே பெருமழை பெய்து ஓய்ந்து, கரையிலே வெயில் எறிக்கும் நாளொன்றில் காக்கைத்தீவுக் கடற்கரையில் நின்று பார்ப்பவருக்கு ஒரு காட்சி தப்பாது புலப்படும். மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்த ஆற்றுநீர், தேநீரின் நிறத்தோடு கடலுக்குள்ளே நெடுந்தூரம் நீண்டு கிடக்கும். அதற்கு அப்பால், கோடு கிழித்தாற்போல, நீலம் தொடங்கும்.

தோணியிலே செல்லும் மீனவன் அந்தக் கோட்டைக் கடக்கிறான். கடந்தபின், நீலமாய்த் தெரிந்த நீரைக் கையால் அள்ளுகிறான். கையிலே நீலம் இல்லை. வெறும் நீரே இருக்கிறது. கரையிலிருந்து பார்த்தபோது இருந்த நிறம் எங்கே போயிற்று?

இது சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிடத் தக்கதன்று. திருச்சிராப்பள்ளியிலே 1888ஆம் ஆண்டு பிறந்த சந்திரசேகர வெங்கட இராமன், 1921ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் நகரிலே நடந்த பல்கலைக்கழக மாநாடொன்றுக்குச் சென்று, 'நர்குண்டா' என்னும் கப்பலிலே திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணைப் பறித்தது. வானத்தின் நீலமே கடலிலே பிரதிபலிக்கின்றது என்பது அக்காலத்துப் பேரறிஞர் இறேலி பிரபுவின் கருத்து. இராமன் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தம்மிடமிருந்த பளிங்குப் பட்டகமொன்றினால், நீர்ப்பரப்பிலே தெறித்துவரும் வானொளியை மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் ஆழமாய்த் தெரிந்தது. நீர் தானே ஒளியைச் சிதறச் செய்கின்றது என அவர் எழுதினார். அந்த வழியிலே தொடங்கிய ஆராய்ச்சிதான் 1928இல் அவர் பெயரால் வழங்கும் கண்டுபிடிப்புக்கும், 1930இல் நோபல் பரிசுக்கும் அவரைக் கொண்டுசென்றது. நீர் தன்னுட் புகும் ஒளியிலிருந்து செந்நிறப் பகுதியைச் சிறிது சிறிதாக விழுங்கிவிடுகிறது என்பதும் இன்று தெளிவாகத் தெரிந்த உண்மை. ஒரு கையளவு நீர் விழுங்குவது கண்ணுக்குத் தெரியாது. பல பாகம் ஆழமுள்ள நீர் விழுங்கினால், எஞ்சி நிற்பது நீலம்.

நீலம் இவ்வாறு ஒளிந்து விளையாடும் நிறம். மஞ்சளை மஞ்சட் கிழங்கிலே கண்ணாற் கண்டு எடுக்கலாம். சிவப்பைக் காவி மண்ணிலே காணலாம். கருமைக்கு அடுப்புக் கரி போதும். நீலத்தை அவ்வாறு எளிதிற் கண்டு எடுத்தவர் மிகச் சிலரே. பச்சை இலையிலும், வெள்ளைக் களிமண்ணிலும், பால்போன்ற கல்லிலும் அது மறைந்து கிடந்திருக்கிறது. மறைந்திருப்பதை வெளியே கொணரும் வித்தை எவர் கையிலே இருந்ததோ, அவர் கையிலேயே நீலத்தின் விலையும் இருந்திருக்கிறது. மண்ணும் செடியும் கல்லும் எவருடையவாயினும் இதுவே நடந்திருக்கிறது.

முதலிலே சொல்லை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழிலே நீலம் என்பது இன்று வண்ணப்பெட்டியிலே காணும் ஒரு நிறத்தை மட்டும் குறித்ததன்று. அது ஒரு மலர். அது ஒரு மணி. அது இருளின் நிறமுமாம். கூந்தலையும் இரவையும் மேகத்தையும் நீலம் என்று சொல்லப் புலவர்கள் தயங்கியதில்லை. 'மணி' என்னும் பொதுச்சொல்லே பல இடங்களிலே நீலமணியை மட்டும் குறித்து நிற்கும். நஞ்சுண்ட இறைவனை மணிமிடற்றோன் என்றபோது, கேட்டவருக்கு அந்த மிடற்றின் நிறத்தை எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. திருமாலின் மேனியையோ ஒருவர் கடல் என்பார். ஒருவர் கார்முகில் என்பார். மற்றொருவர் மரகதம் என்பார். கருமைக்கும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே வேலி போடாத கண் அது. நிறம் அறியாமையால் வந்த குழப்பமென்று இதனைக் கருதுவது தவறு. வேறுபாடு காட்டவேண்டிய இடத்திலே அவர்கள் நிறப்பெயரைத் தேடாமற் பூவின் பெயரைச் சொன்னார்கள். குவளை என்றால் ஒரு நீலம். நெய்தல் என்றால் ஒரு நீலம். கருவிளை என்றால் ஒரு நீலம்.

இவற்றுள் கண்ணைக் கூசவைக்கும் நீலத்துக்கு உரியது காயா. முல்லை நிலத்துச் சிறு மரம். நமது நாட்டின் காடுகளிலும் கரையோரப் புதர்களிலும் இன்றும் உண்டு. பூக்கும் காலத்திலே கிளையின் உடம்பெல்லாம் சின்னஞ்சிறு நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். சங்கப் புலவர் அதனை மயிலின் கழுத்துக்கு ஒப்பிட்டனர்; திருமாலடியார் காயாம்பூ வண்ணன் என்றனர். இந்த மரத்தின் வகைகளைச் சிங்களத்திலே 'கொறகஹ' என்பர். 'கஹ' என்றால் மஞ்சள். நீலப் பூவுக்குப் பெயர்பெற்ற மரம் மஞ்சளின் பெயரை ஏற்றது ஏனெனில், அதன் இலையிலிருந்து கிடைக்கும் சாயம் மஞ்சள் நிறமானது. பூவிலே உள்ள நீலத்தைப் பிழிந்து துணிக்கு ஏற்ற எவராலும் முடியவில்லை.

மயிலின் கதை இன்னும் வியப்பானது. மயிற்கழுத்தின் இறகொன்றை எடுத்து நன்றாக அரைத்தால் கிடைப்பது பழுப்புநிறத் தூளே. அதிலே நீலச் சாயம் இம்மியளவும் இல்லை. இறகின் நுண்ணிழைகளிலே மிகச் சிறிய கோல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன; அந்த அடுக்கின் இடைவெளியே நீலத்தை மட்டும் தெரிந்து திருப்பி அனுப்புகிறது. அடுக்குக் குலைந்தால் நிறமும் குலைந்துபோம்.

நமது தேசிய மலரான நீலோற்பலம், சிங்களத்தில் 'நில் மானெல்', இதே வகையிலே ஒரு சங்கடத்திற் சிக்கியது. 1986ஆம் ஆண்டு அதனைத் தேசிய மலராகத் தேர்ந்தெடுத்தனர். பிற்காலத்திலே தாவரவியல் ஆய்வாளர் ஆராய்ந்தபோது, பல படங்களிலே தேசிய மலராகக் காட்டப்பட்டு வந்த ஊதா நிறப் பூ, குளங்களிலே பரவிய கலப்பினம் என்று தெரியவந்தது. உண்மையான பூ அத்துணை பகட்டில்லாதது, வெளிறிய நீலம். கடுமையான நிறமே அசல் என்று கண் நம்பிவிட்டது போலும்.

மனிதன் தன் ஆடைக்கு நீலம் வேண்டியபோது அவனுக்குக் கைகொடுத்தது அவுரி. வேலியோரத்திலே நின்றால் எவரும் திரும்பிப் பாராத செடி. இலை பச்சை, பூ வெளிறிய செம்மை. நீலத்தின் சாயல்கூட இல்லை. இதை அறுத்துக் கட்டாகக் கட்டி, செங்கல்லாற் கட்டிய தொட்டியிலே நீரில் அமிழ்த்தி, மேலே பாரம் வைத்து விடுவார்கள். ஓரிரவு கழிந்தால் நீர் புளித்துப் பொங்கும். மஞ்சளும் பச்சையுமாய் நிறம் மாறும். அந்த நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கியபின், ஆட்கள் இடுப்பளவு நீரிலே வரிசையாக இறங்கி நின்று, துடுப்புப் போன்ற கட்டைகளால் மணிக்கணக்காக அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் காற்று நீரோடு கலக்கும். நுரை முதலிலே வெண்மையாகவும் பின்னர் நீலமாகவும் எழும். அடித்து ஓய்ந்தபின் தொட்டியின் அடியிலே வண்டலாகப் படிவதே நீலம். அதைக் காய்ச்சி, வடித்து, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். அந்தத் தொட்டிகளின் நாற்றம் ஊரின் எல்லைக்கு வெளியேயும் வீசும். அடித்தவர்களின் கால்களும் கைகளும் நீலமாகவே இருக்கும்.

துணியிலே ஏற்றும்போதும் நீலம் உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சாயத்தாழியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சட்பச்சையாக இருக்கும். வெளிக்காற்றுப் பட்டவுடன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலமாக மாறும். இந்த வித்தையை முதன்முதலாகக் கண்ட மேலைநாட்டவர் மாயம் என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

கிரேக்கர் இப்பொருளை 'இந்தியப் பொருள்' என்றே அழைத்தனர். ஆங்கிலத்தின் 'இண்டிகோ' என்னும் சொல் அதிலிருந்து வந்தது. அராபியர் நமது நீலத்தை 'அன்னீல்' என்றனர். போர்த்துக்கேயர் அதனை 'அனில்' ஆக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜேர்மானிய இரசாயனிகள் அவுரி நீலத்தைச் சிதைத்து எடுத்த ஒரு நெய்க்கு 'அனிலின்' என்று பெயரிட்டனர். சொல் இவ்வாறு ஊர் ஊராகச் சென்றது. சரக்கோ வேறு வழியிலே சென்றது.

சோழமண்டலக் கரையிலே, புதுச்சேரியிலிருந்து, அவுரியிலே தோய்த்த கருநீலத் துணி கட்டுக் கட்டாகக் கப்பலேறியது. பிரெஞ்சுக்காரர் அதற்குக் 'கினே' என்று பெயர் வைத்திருந்தனர். அது போய்ச் சேர்ந்த இடம் பாரிஸ் அன்று, மேற்கு ஆபிரிக்கா. செனகல் ஆற்றங்கரையிலே பிசின் வாங்கும் வணிகத்தில் அந்த நீலத் துணியே நாணயமாக வழங்கியது. துணி இத்தனை முழம் என்றால் பிசின் இத்தனை நிறை என்று கணக்கு. அடிமை வணிகம் நடந்த காலத்திலே, மனித உயிருக்கும் அதே துணி விலையாகக் கொடுக்கப்பட்டது. தென்னார்க்காட்டுச் சாயக்காரன், தான் தோய்த்த துணி எதனை வாங்கப் போகிறது என்று அறிந்திருப்பானா? அறிந்திருக்க வழியில்லை.

வங்காளத்திலே நடந்ததை அந்நாட்டவர் நன்றாகவே அறிந்திருந்தனர். அங்கே ஆங்கிலத் தோட்டக்காரர் உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து, நல்ல நெல்வயலிலே அவுரி விதைக்கக் கட்டாயப்படுத்தினர். அவுரிக்குக் கொடுத்த விலை முன்பணத்தைத் தீர்க்கவும் போதாது. கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. 1859ஆம் ஆண்டு உழவர் இனி விதைப்பதில்லை என்று எழுந்தனர். அடுத்த ஆண்டு தீனபந்து மித்திரர் 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லோங் என்ற பாதிரியாருக்கு, 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபா அபராதமும் விதிக்கப்பட்டன. பீகாரின் சம்பாரண் பகுதியில், இருபது பங்கு நிலத்திலே மூன்று பங்கில் அவுரி போட்டே ஆகவேண்டும் என்னும் முறை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1917ஆம் ஆண்டு காந்தியடிகள் அங்கே சென்றதும், மறு ஆண்டு அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

ஆயினும் அவுரியின் விலையை வீழ்த்தியது சட்டமன்று. 1897ஆம் ஆண்டு ஜேர்மனியின் தொழிற்சாலையொன்று, செடியே இல்லாமல் அதே நீலத்தைச் செய்து சந்தைக்கு அனுப்பியது. அந்தத் தொழிற்சாலையின் பெயரிலே 'அனிலின்' என்னும் சொல் இருந்தது. அஃதாவது, நமது 'நீலம்' இருந்தது. சில ஆண்டுகளுக்குள்ளே இந்தியத் தொட்டிகள் பல வற்றிப்போயின. தமிழ்நாட்டிலே திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி முற்றிலும் அழிந்துவிடவில்லை. இயற்கைச் சாயத்தை விரும்புவோருக்காகவும், நரைமயிருக்குப் பூசும் பொடிக்காகவும் அது இன்னும் வளர்கிறது.

கொழும்பு நகர மக்களுக்கு நீலம் என்றவுடன் நினைவுக்கு வரக்கூடியது வேறொன்று. வெள்ளைச் சட்டையைத் துவைத்து முடித்தபின், கடைசி நீரிலே கரைத்துவிடும் நீலம். பழைய வெள்ளைத் துணி சிறிது மஞ்சள் பாரித்து நிற்கும். அதன்மேல் மெல்லிய நீலம் ஏறினால் மஞ்சள் கண்ணுக்கு மறைந்து, தூய வெண்மை போலத் தோன்றும். பள்ளிச் சீருடையையும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுக்கும் சேலையையும் பல தலைமுறைகளாக வெளுப்பாக்கியது இந்தத் தந்திரமே. கூடிப்போனால் சட்டை திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்து நிற்கும். அப்போது வீட்டிலே எழும் சத்தத்தையும் அறியாதார் இலர்.

அந்தச் சலவை நீலம் உயர்குடியிலே பிறந்தது. ஆப்கானிஸ்தானின் பதக்சான் மலையிலே கிடைக்கும் இராசவர்த்தக் கல்லை இடித்து, கழுவிப் பிரித்தெடுத்த நிறமே அதன் முன்னோர். ஐரோப்பியர் அதற்குக் 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். பொன்னுக்கு நிகராக விலை சொன்னதால், ஓவியர் அதனைக் கண்ட இடத்திலெல்லாம் பூசிவிடவில்லை. மரியன்னையின் மேலங்கிக்கென்று எடுத்து வைத்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கத்தோலிக்க இல்லங்களின் சுவரிலே தொங்கும் படங்களில் மரியன்னை உடுத்திருப்பது அந்த நீலத்தின் வழிவந்த நீலமே. 1824ஆம் ஆண்டு, இதனைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு ஆறாயிரம் பிராங்கு பரிசளிப்பதாகப் பிரான்சிலே ஒரு சங்கம் அறிவித்தது. கிமே என்னும் பிரெஞ்சுக்காரர் அதை வென்றார். வெள்ளைக் களிமண், சோடா, மஞ்சள் கந்தகம், கரி என்பவற்றைக் கலந்து உலையிலே வைத்தார், நீலம் வந்தது. மலையைக் குடைந்து ஒட்டகத்தில் ஏற்றிவந்த நிறம், ஒரே தலைமுறையில் சலவைத்துறைக்கு வந்து சேர்ந்தது. மரியன்னையின் மேலங்கியும் தொழிலாளியின் சட்டையும் ஒரே நிறத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

உலையிலே நீலம் பிறந்த கதை அத்துடன் முடியவில்லை. நம் காலத்திலே அதற்கு ஒரு தமிழர் உரியவராயினார். முன்னீர்பள்ளம் அப்பாதுரை சுப்பிரமணியன் என்பது அவருடைய முழுப்பெயர். 'மாஸ்' என்றே உலகம் அவரை அழைக்கிறது. முன்னீர்பள்ளம் திருநெல்வேலிச் சீமையின் ஊர். அவர் சென்னையிலே பிறந்து கற்று, அமெரிக்காவிலே பெரிய இரசாயன நிறுவனமொன்றில் நெடுங்காலம் பணிபுரிந்து, பின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2009ஆம் ஆண்டு அவரும் அவர் மாணவரும் மின்னியற் கருவிகளுக்குப் பயன்படக்கூடிய பொருளொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். இற்றியம், இந்தியம், மங்கனீசு என்னும் மூன்றின் ஒட்சைட்டுகளைக் கலந்து ஏறக்குறைய 1,200 பாகை வெப்பத்திலே சுட்டனர். தேடிய பொருள் கிடைக்கவில்லை. உலையைத் திறந்த மாணவர் வெளியே எடுத்தது, எவரும் அதுவரை கண்டிராத ஒளிமிக்க நீலம்.

இதிலே நுட்பமான ஒரு வியப்பு உண்டு. மங்கனீசு மட்டும் சேர்ந்த இற்றியக் கூட்டு கருமை. இந்தியம் மட்டும் சேர்ந்தது வெண்மை. கருமையையும் வெண்மையையும் கலந்தால் சாம்பல் வரும் என்பதே எவரும் நினைப்பது. ஆனால், ஐந்து பிராணவாயு அணுக்கள் நடுவே மங்கனீசு அமர்ந்திருக்கும் விதத்தால் நீலம் வந்தது. இந்தியம் என்னும் உலோகத்தின் பெயரும் கவனிக்கத் தக்கது. 1863ஆம் ஆண்டு ஜேர்மனியிலே அதனைக் கண்டுபிடித்தவர்கள், அதன் நிறமாலையிலே அவுரி நீலத்தின் ஒளிக்கோடொன்றைக் கண்டு அப்பெயரைச் சூட்டினார்கள். இந்தப் புதிய நீலம் வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் தன்மையுடையதாகையால், கூரைகளுக்குப் பூசினால் வீடு சூடேறாது. ஓவியர்களுக்கு விற்பதற்கு 2020ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இந்தியம் அரிய உலோகமாகையால் விலை மட்டும் இன்னும் சாமானியருக்கு எட்டவில்லை.

இனி நமது மண்ணுக்கு வருவோம். களனி கங்கையை மட்டக்குளிக்கு அனுப்பும் அதே சிவனொளிபாத மலை, இன்னோர் ஆற்றை இரத்தினபுரி வழியாகக் களுத்துறைக்கு அனுப்புகிறது. அதன் பெயர் களு கங்கை. 'களு' என்றால் கறுப்பு. கறுப்பென்று பெயர்கொண்ட ஆற்றின் படுக்கையிலும், அதனைச் சூழ்ந்த வயல்களின் அடியிலும் கிடப்பது உலகம் புகழும் நீலம். வயலிலே கிணறு போலக் குழி வெட்டி, கட்டைகளால் சட்டமிட்டு, மண் சரியாதபடி பன்னச்செடிகளை இடுக்கிலே திணித்து, இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே கீழிறங்குவார்கள். மணிக்கற்கள் புதைந்த பரலடுக்குக்குச் சிங்களத்திலே 'இல்லம' என்று பெயர். தமிழர் வாயிலே அது 'இல்லம்' ஆகிவிட்டது. பரலை மேலேற்றி, பிரம்பு வட்டிலே வைத்துச் சுழற்றிக் கழுவி, வெயிலிலே சாய்த்துப் பிடித்துத் தேடுவார்கள். கிடைத்ததை நிலத்துக்காரரும் முதல் போட்டவரும் குழியில் இறங்கியவரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஒன்றும் கிடைக்காத மாதங்களே மிகுதி.

நீலமணி என்பது குருந்தம் என்னும் கனிப்பொருளின் ஒரு வகை. 'கொரண்டம்' என ஆங்கிலத்தில் வழங்குவது தமிழ்க் குருந்தமே. தூய குருந்தத்துக்கு நிறம் கிடையாது. அதிலே மிகச் சிறிதளவு இரும்பும் தைத்தானியமும் சேர்ந்து, ஒன்றின் மின்னணு மற்றொன்றுக்குத் தாவும்போது நீலம் தோன்றுகிறது. அத்தகைய கற்கள் இங்கிருந்து எங்கெங்கோ சென்றிருக்கின்றன. ஏறத்தாழ 423 கரட் எடையுள்ள 'லோகன்' நீலம் வாஷிங்டன் அரும்பொருட்சாலையிலே இருக்கிறது. நியூயோர்க்கிலுள்ள 563 கரட் நட்சத்திர நீலமும் இலங்கையிலே கிடைத்ததென்றே நம்பப்படுகிறது. அதற்கு 'இந்திய நட்சத்திரம்' என்று பெயர் வாய்த்தது விந்தையே. 1964ஆம் ஆண்டு அதைத் திருடர் கொண்டுபோயினர். சில மாதங்களுக்குள் மீட்கப்பட்டது. நமது செட்டியார் தெருவிலே நீலத்தை வாங்குவோருக்கோ வேறு அச்சம். அது சனிக்குரிய கல். ஒத்துக்கொண்டால் உயர்த்தும், ஒவ்வாவிட்டால் கவிழ்க்கும் என்பது நம்பிக்கை. அதனால், வாங்கிய கல்லை மோதிரத்தில் பதிக்குமுன் சில நாட்கள் தலையணையின் கீழ் வைத்து, கனவு எப்படி என்று பார்ப்பவர் இன்றும் உண்டு.

ஆனால், குழியிலே கிடைத்த குருந்தமெல்லாம் நீலமாயிருக்கவில்லை. பாலைக் கலக்கினாற்போல, புகை படிந்தாற்போல மங்கிக் கிடந்த கற்களே ஏராளம். சிங்களத்திலே இவற்றைக் 'கெவுட' என்பர். இவற்றுக்கு விலையில்லை. வீட்டு முற்றத்திலே அழகுக்காகக் கொட்டி வைத்ததும் உண்டு. 1970ஆம் ஆண்டுகளிலே தாய்லாந்து வணிகர் வந்து இவற்றைத் தேடி வாங்கத் தொடங்கினர். பயனற்றதென்று எண்ணிய கல்லுக்கு ஒரு விலை கிடைக்கிறதே என்று விற்றவர்கள் மகிழ்ந்தனர். கல் மூட்டையாகச் சென்றது. போன கல் அங்கே உலையிலே ஏறியது; பளிச்சென்ற நீலமாக வெளியே வந்தது; பெரும் விலைக்கு விற்றது.

நடந்தது இதுதான். கெவுடவிலே நீலத்துக்கு வேண்டிய தைத்தானியம் முன்னரே இருந்தது. ஆனால் அது கல்லோடு கரையாமல், மயிரினும் மெல்லிய ஊசிகளாக உள்ளே கிடந்து ஒளியைச் சிதறடித்தது. அதுவே பால்போன்ற மங்கல். காற்றுக் குறைந்த உலையிலே 1,600 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் கொடுத்தால் ஊசிகள் கரைந்து, தைத்தானியம் இரும்போடு அண்டி நிற்கும். மங்கலும் நீங்கும்; நீலமும் பிறக்கும். வெளியிலிருந்து எந்தச் சாயமும் சேர்க்கப்படவில்லை. கல்லுக்குள் இருந்ததே வெளிப்பட்டது.

இதிலே நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கல்லைச் சுடும் வித்தை இந்நாட்டவருக்குப் புதிதன்று. இலங்கையிலே மாணிக்கத்தை நெருப்பிலிட்டு நிறம் திருத்துவதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி எழுதிவைத்திருக்கிறார். பேருவளை முதலிய ஊர்களின் இரத்தின வணிகர், சிரட்டைக்கரியை மூட்டி, ஊதுகுழலாலே மணிக்கணக்காக ஊதி, செங்கற்களைப் பக்குவப்படுத்தும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்தனர். அவர்கள் அந்த நெருப்பை எதற்குப் பயன்படுத்தினர்? சிவப்புக் கல்லிலே கலந்திருந்த நீலச் சாயலை நீக்குவதற்கு! காற்று மிகுந்த மெல்லிய நெருப்பு நீலத்தை ஓட்டும். காற்றுக் குறைந்த கடும் நெருப்பு நீலத்தை அழைக்கும். முன்னதை அறிந்தவர் பின்னதை அறியவில்லை. அவர்கள் அறியவில்லை என்று குறைசொல்வது எளிது. ஊதுகுழலும் சிரட்டைக்கரியும் அத்தகைய வெப்பத்தை எட்டமாட்டா என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

பிற்பாடு இங்கும் அத்தகைய உலைகள் வந்தன. இலங்கையரே அமைத்த எரிவாயு உலைகளும் தொழிலுக்கு வந்தன. கெவுடவைத் தெரிந்தெடுக்கும் கண் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. கல்லைக் கையிலெடுத்து ஒளிக்கெதிரே பிடித்து, இது நீலமாகும், இது ஆகாது என்று சொல்லக்கூடியவர் இரத்தினபுரியில் இன்று பலர். பால் மங்கல், பட்டு மங்கல், டீசல் எண்ணெய் போன்ற மங்கல் என்று அவர்கள் வகை பிரிக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது இருக்கும் நிறத்தையன்று, வரப்போகும் நிறத்தை. 2021ஆம் ஆண்டு இரத்தினபுரியிலே வீட்டுக் கிணறு வெட்டும்போது 510 கிலோகிராம் எடையுள்ள நீலக்கற் பாறையொன்று கிடைத்ததாகச் செய்தி வந்தபோது, உலகப் பத்திரிகைகள் அதன் எடையையும் மதிப்பையும் எழுதின. ஊர் மக்கள் கேட்ட கேள்வி வேறு: அதிலே எத்தனை துண்டு பட்டை தீட்டத் தேறும் என்பதே.

சந்தையும் இதற்கிடையிலே திரும்பிக்கொண்டது. உலையிலே பிறந்த நீலம் பெருகப் பெருக, நெருப்புக் காணாத நீலத்துக்கு மதிப்பு ஏறியது. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ஒளியுள்ள இரு கற்களைச் செட்டியார் தெருவிலே மேசைமீது வைத்தால், அனுபவமிக்க வணிகரும் வெறுங்கண்ணால் வேறுபாடு சொல்லத் தயங்குவார். பூதக்கண்ணாடியின் கீழ்ப் பார்த்தால், சுடாத கல்லிலே அந்த மெல்லிய ஊசிகள் உடையாமல் இருக்கும். ஒரு காலத்தில் குற்றமென்று தள்ளப்பட்ட ஊசிகள். இப்போது அவையே சாட்சி. ஆய்வுகூடம் தரும் தாளிலே, எடைக்கும் நிறத்துக்கும் கீழே, வெப்பமூட்டியதற்கு அடையாளம் உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். வாங்க வந்தவர் கல்லைப் பார்க்குமுன் அந்த வரியைத்தான் பார்க்கிறார்.